வியப்புக்கு ஒரு விருது

2020 அக்டோபர் 27. டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் மைதானத்தில், அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் அணி 1-0 என்று முன்னிலையில் இருந்தது. அதன் பிட்சர் பிளேக் ஸ்னெல், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேட்டர்களை அதுவரை ஒன்பது முறை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அவர் வீசியிருந்தது 73 பந்துகள்தான். விட்டுக்கொடுத்தது இரண்டே ஹிட். ஆறாவது இன்னிங்ஸின் நடுவில் ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் களத்துக்குள் நடந்து வந்து, அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த நிக் ஆண்டர்சன் களத்தில் நின்ற சிறிது நேரத்திலேயே டாட்ஜர்ஸ் இரண்டு ரன் எடுத்துவிட்டது. ஆட்டம் 3-1 என்று முடிந்தது. கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது. மறுநாள் அமெரிக்காவின் விளையாட்டுப் பக்கங்கள் எல்லாம் அந்த ஒரு முடிவைத்தான் பேசின.

இரண்டு வாரம் கழித்து, அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் அந்த ஆண்டின் சிறந்த மேனேஜர் என்று கெவின் கேஷ் அறிவிக்கப்பட்டார்.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. விருதுக்கான வாக்குகள், சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் தொடங்குவதற்கு முன்பே போடப்பட்டு மூடப்படுகின்றன; முடிவு மட்டும் நவம்பரில் வெளியாகிறது. சம்பளச் செலவில் கடைசி வரிசையில் இருந்த ஓர் அணியை, கொரோனா காலத்தில் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில் 40 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றவர் கேஷ். அந்தச் சாதனைக்குத்தான் வாக்கு. ஆனாலும் பெருவாரியான ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் கேஷ் ஒருவர். விருது பெற்ற கேஷ் வேறொருவர். அப்படியானால் இந்த விருது எதை அளக்கிறது? ஒரு மேனேஜரின் திறமையை அளக்க வழியே இருக்கிறதா? தொண்ணூறு ஆண்டுகளாக அமெரிக்க பேஸ்பால் இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லிவருகிறது. அந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கேள்வியே வேறாகத் தெரியத் தொடங்குகிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு பேஸ்பால் மேனேஜரின் இடம் முதலில் பிடிபடாது. கிரிக்கெட்டில் பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதைக் களத்தில் நிற்கும் கேப்டன் முடிவு செய்கிறார். பேஸ்பாலில் அந்த அதிகாரம் முழுவதும் டக்அவுட்டில், வீரர்களைப் போலவே சீருடை அணிந்து உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு உரியது. பேட்டிங் வரிசை அவருடையது. பிட்சரை எப்போது மாற்றுவது, மாற்று வீரரை எப்போது இறக்குவது என்பதும் அவர் முடிவு. வெளியே எடுத்த வீரரை அன்றைய ஆட்டத்தில் மறுபடி இறக்க முடியாது என்பதால் ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத செலவு. இதெல்லாம் தொலைக்காட்சியில் தெரிகிற பகுதி. ஆறு மாதத்தில் 162 ஆட்டம், பாதிக்குப் பாதி வெளியூரில், 26 வீரர்கள். அவர்களில் யார் களைத்திருக்கிறார், யார் வலியை மறைக்கிறார், யாரை ஒரு நாள் உட்கார வைத்தால் மனம் உடைந்துபோவார் என்பதையெல்லாம் அறிந்து நடத்துவதுதான் வேலையின் பெரும்பகுதி. அது ஸ்கோர் அட்டையில் எங்கும் பதிவாவதில்லை.

பதிவாகாத வேலைக்கு முதலில் பரிசு கொடுக்க நினைத்தது ஒரு பத்திரிகை. செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து 1886 முதல் வெளிவந்த ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ வார இதழ், 1936இல் ஆண்டின் சிறந்த மேனேஜர் என்ற விருதைத் தொடங்கியது. முதல் விருது நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ மெக்கார்த்திக்கு. அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸை வென்றவர் அவர். தேர்வில் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. அடுத்த ஆண்டுதான் சுவையானது. 1937இலும் மெக்கார்த்தியின் யாங்கீஸே வேர்ல்டு சீரிஸை வென்றது. விருதோ, நேஷனல் லீகில் ஐந்தாம் இடத்தில் முடித்த பாஸ்டன் அணியின் பில் மெக்கெக்னிக்குப் போனது. 79 வெற்றி, 73 தோல்வி. முப்பது வயதைத் தொட்டும் தாண்டியும் பெரிய லீகுக்கு முதல்முறையாக வந்த இரண்டு பிட்சர்கள், லூ ஃபெட்டும் ஜிம் டர்னரும், ஆளுக்கு 20 ஆட்டங்களை வென்று கொடுத்தார்கள். அந்த அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஆக, விருது பிறந்த இரண்டாவது ஆண்டிலேயே அதன் போக்கு உருவாகிவிட்டது. எல்லாரும் வெல்லும் என்று நினைத்த அணி வென்றால் அது வீரர்களின் பெருமை. தோற்கும் என்று நினைத்த அணி வென்றால் அது மேனேஜரின் பெருமை.

இன்று ‘ஆண்டின் சிறந்த மேனேஜர்’ என்று சொன்னால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது வேறு விருது. அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1908இல் தொடங்கப்பட்டது. மிக மதிப்புமிக்க வீரர் விருதை 1931 முதலும், சிறந்த புதுமுகத்துக்கான விருதை 1947 முதலும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 1956 முதலும் கொடுத்துவரும் அந்தச் சங்கம், மேனேஜரைக் கண்டுகொண்டது 1983இல்தான். முதல் ஆண்டில் அமெரிக்கன் லீகில் சிகாகோ வைட் சாக்ஸின் டோனி லா ரூஸா, நேஷனல் லீகில் டாட்ஜர்ஸின் டாமி லசோர்டா. லா ரூஸாவின் அணி 99 ஆட்டங்களை வென்று, லீகுக்குள் தன் பிரிவில் 20 ஆட்ட வித்தியாசத்தில் முதலிடம் பிடித்திருந்தது. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நடைமுறை எளிமையானது. இரண்டு லீகிலும் பதினைந்து பதினைந்து அணிகள். ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் இரண்டு எழுத்தாளர்கள் என்று லீகுக்கு முப்பது பேர் வாக்களிக்கிறார்கள். வாக்குச்சீட்டில் மூன்று பெயர். முதல் இடத்துக்கு 5 புள்ளி, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 1. எதை வைத்து முடிவு செய்வது என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. சை யங் விருதுக்கு வாக்களிப்பவரிடம் பிட்சரின் நூறு வகைப் புள்ளிவிவரங்கள் இருக்கின்றன. மேனேஜர் விருதுக்கு வாக்களிப்பவரிடம் இருப்பது அணியின் வெற்றி தோல்விக் கணக்கும், சீசன் தொடங்கும் முன் தாங்கள் எல்லாரும் எழுதிய கணிப்புகளும்தான்.

அந்தக் கணிப்புகள் எவ்வளவு தூரம் வேலை செய்கின்றன என்பதற்கு 1991ஐப் பார்க்கலாம். அட்லாண்டா பிரேவ்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு 65 வெற்றி, 97 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி. 1991இல் 94 வெற்றி, 68 தோல்வி, முதலிடம். மேனேஜர் பாபி காக்ஸ் நேஷனல் லீக் விருதை வாங்கினார். மினசோட்டா ட்வின்ஸும் முந்தைய ஆண்டு கடைசி, அந்த ஆண்டு முதலிடம். அதன் டாம் கெல்லி அமெரிக்கன் லீக் விருதை வாங்கினார். அந்த இரண்டு அணிகளே வேர்ல்டு சீரிஸில் மோதின. ஏழாவது ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை நீண்டு, 1-0 என்று மினசோட்டா வென்றது. விருதும் இறுதிப் போட்டியும் இத்தனை அழகாகப் பொருந்துவது அரிது.

இருபது ஆண்டு கழித்து அரிசோனா டயமண்ட்பேக்ஸுக்கு கிர்க் கிப்சன் மேனேஜர். 2010இல் அணியின் கணக்கு 65 வெற்றி, 97 தோல்வி. 2011இல் 94 வெற்றி, 68 தோல்வி. பிரேவ்ஸின் எண்களே, ஒரு ஆட்டம்கூட மாறாமல். கிப்சனுக்கும் விருது கிடைத்தது. 2008இல் டாம்பா பே அணி 66 வெற்றியிலிருந்து 97க்குத் தாவியபோது ஜோ மேடனுக்கு. 2006இல் டெட்ராய்ட் 71இலிருந்து 95க்குப் போனபோது ஜிம் லேலண்டுக்கு. 2017இல் ட்வின்ஸ் 103 தோல்விகளைச் சந்தித்த மறு ஆண்டே பிளேஆஃபுக்குள் நுழைந்தபோது பால் மாலிட்டருக்கு. சீசனின் நடுவில் முந்தைய ஆண்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த அணி அதிகம் ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே பல ஆண்டுகளுக்கு விருதைச் சரியாகச் சொல்லிவிடலாம்.

ஏறியவருக்குப் பரிசு கொடுப்பதில் என்ன குறை என்று கேட்கலாம். குறை, உச்சியிலேயே நின்றவருக்கு அது இழைக்கும் அநீதியில் இருக்கிறது. அதற்கும் பாபி காக்ஸே சாட்சி. 1991 முதல் 2005 வரை, வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994ஐத் தவிர, முடிந்த ஒவ்வொரு சீசனிலும் பிரேவ்ஸ் தன் பிரிவில் முதலிடம். பதினான்கு முறை தொடர்ச்சியாக. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அப்படி ஒரு ஓட்டம் வேறு அணிக்கு இல்லை. இந்தப் பதினான்கில் காக்ஸுக்கு விருது கிடைத்தது எப்போது? முதலில் 1991இல், கடைசியிலிருந்து வந்தபோது. பிறகு 2004இலும் 2005இலும், அணியின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுதிய பிறகு. 2005இல் பதினெட்டுப் புதுமுகங்களைக் களமிறக்கித்தான் அவர் முதலிடத்தைக் காப்பாற்றினார். இடையில், கிரெக் மேடக்ஸும் டாம் கிளாவினும் ஜான் ஸ்மோல்ட்ஸும் ஒரே அணியில் பந்து வீசிய காலத்தில், வேர்ல்டு சீரிஸையே வென்ற 1995 உட்பட, ஒரு முறைகூட இல்லை. அத்தனை நட்சத்திரங்களைப் பத்தாண்டுக்கு மேல் சண்டையின்றி ஓர் அறையில் வைத்திருந்தது வேலையாகவே எண்ணப்படவில்லை.

டெர்ரி ஃபிராங்கோனாவின் கதை இன்னும் கூர்மையானது. 86 ஆண்டுகளாக வேர்ல்டு சீரிஸை வெல்லாத பாஸ்டன் ரெட் சாக்ஸை 2004இல் வெல்ல வைத்தவர். 2007இல் இன்னொரு முறை. அந்த இரண்டு ஆண்டும் விருது வேறு பெயர்களுக்குப் போனது. செலவு செய்ய வசதியில்லாத கிளீவ்லாந்துக்குப் போன பிறகு 2013, 2016, 2022 என்று மூன்று முறை விருது கிடைத்தது. மனிதர் அவரேதான். மாறியது, அவருடைய அணியைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த எதிர்பார்ப்பு. புரூஸ் போச்சி சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று வேர்ல்டு சீரிஸும் டெக்சாஸில் ஒன்றும் வென்றார். அவர் அலமாரியில் உள்ள ஒரே எழுத்தாளர் சங்க விருது 1996இல் சான் டியாகோவுக்காக வாங்கியது. டேவ் ராபர்ட்ஸ் டாட்ஜர்ஸுக்கு 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகள் பெற்றுத் தந்திருக்கிறார். விருது, மேனேஜராக இருந்த முதல் ஆண்டான 2016இல் மட்டும்.

இந்தப் பட்டியலில் மனத்தை அதிகம் உறுத்துவது சிட்டோ காஸ்டனின் பெயர். 1989 மே மாதம், 12 வெற்றி, 24 தோல்வியோடு தடுமாறிய டொரோன்டோ ப்ளூ ஜேஸ் அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு அவர் கணக்கு 77 வெற்றி, 49 தோல்வி. அணி பிரிவில் முதலிடம். அந்த ஆண்டு கடைசி வாரம்வரை அவரோடு முட்டி மோதியது ஃபிராங்க் ராபின்சனின் பால்டிமோர் ஓரியோல்ஸ். 1988இல் முதல் 21 ஆட்டங்களையும் தோற்று, மொத்தம் 107 தோல்வி கண்ட அணி அது. மறு ஆண்டு 87 வெற்றி. ராபின்சன் பெரிய லீகின் முதல் கறுப்பின மேனேஜராக 1975இல் பொறுப்பேற்றவர். 1989இல் கறுப்பின மேனேஜர்கள் இருவர் ஒரு பிரிவின் முதலிடத்துக்குக் கடைசிவரை போட்டியிட்டது அந்த விளையாட்டின் வரலாற்றில் பெரிய நிகழ்வு. விருது ராபின்சனுக்குக் கிடைத்தது; அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் காஸ்டன் 1992, 1993 ஆண்டுகளில் அடுத்தடுத்து வேர்ல்டு சீரிஸை வென்றார். அதை வென்ற முதல் கறுப்பின மேனேஜர் அவர். 1992இல் விருது லா ரூஸாவுக்கு. 1993இல் சிகாகோவின் ஜீன் லமாண்டுக்கு. காஸ்டனுக்கு எழுத்தாளர் சங்கத்தின் விருது ஒருபோதும் கிடைக்கவில்லை. அவர் அணியிடம் பணம் இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தார்கள், யார் நடத்தினாலும் வென்றிருக்கும் என்பது அன்றைய வாதம். அதே வாதம் 114 ஆட்டங்களை வென்ற 1998 யாங்கீஸின் ஜோ டோரிக்கு எதிராக எடுபடவில்லை. அவருக்கு விருது கொடுத்தார்கள். ஒரே அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளம் மாறுவதை இங்கே மறுக்க முடியாது.

வாக்குகள் முன்கூட்டியே மூடப்படுவதன் விளைவையும் எண்ணிப் பார்க்கலாம். விருதும் வேர்ல்டு சீரிஸும் ஒரே ஆண்டில் ஒரே மேனேஜருக்குக் கிடைத்தது 1983 முதல் இன்றுவரை எட்டு முறைதான்: ஸ்பார்க்கி ஆண்டர்சன் 1984, லசோர்டா 1988, கெல்லி 1991, டோரி 1996 மற்றும் 1998, மைக் சோஷியா 2002, ஜாக் மெக்கீன் 2003, ஆஸி கியென் 2005. அதன் பிறகு இருபது ஆண்டுகளாக ஒருவருமில்லை. 1996இல்கூட டோரி அந்த விருதை டெக்சாஸின் ஜானி ஓட்ஸோடு பகிர்ந்துகொண்டார்.

மறு பக்கத்தில், வியப்புக்கு விருது வாங்கியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கிறது?

கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 2002இல் 100 ஆட்டங்களைத் தோற்றது. 2003இல் டோனி பெனா அதை 83 வெற்றிக்குக் கொண்டுவந்தார், விருது பெற்றார். 2004இல் அதே அணி, அதே மேனேஜர், 104 தோல்வி. 2005 மே மாதம் அவர் பதவி விலகினார். வாஷிங்டனின் மேட் வில்லியம்ஸ் 2014இல் விருது வாங்கினார், 2015 சீசன் முடிந்ததும் நீக்கப்பட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவின் கேப் காப்லர் 2021இல் 107 ஆட்டம் வென்று வாங்கினார், 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டார். பால்டிமோரின் பிராண்டன் ஹைட் 2023இல் 101 வெற்றி. 2025 மே மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நியூயார்க் மெட்ஸின் பக் ஷோவால்டர் 2022இல் 101 வெற்றிக்கு விருது பெற்றார், மறு ஆண்டு 75 வெற்றிக்கு வேலையை இழந்தார். விருதுக்குச் சாபம் இருக்கிறது என்று ரசிகர்கள் பேசிக்கொள்வதுண்டு. காரணம் சாதாரணமானது.

ஓர் அணி எத்தனை ரன் எடுத்தது, எத்தனை ரன் கொடுத்தது என்ற இரண்டு எண்களை வைத்து, அது எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று தோராயமாகக் கணக்கிடலாம் என பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் காட்டினார். அந்தக் கணக்கைவிட அதிகம் வென்ற அணிகள் பெரும்பாலும் ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அதிர்ஷ்டம் பெற்றவை. அந்த அதிர்ஷ்டம் அடுத்த ஆண்டு தொடர்வது அரிது. மயாமி மார்லின்ஸின் 2023 சீசனை எடுத்துக்கொள்வோம். ஒரு ரன் ஆட்டங்களில் 33 வெற்றி, 14 தோல்வி. மொத்தமாகப் பார்த்தால் எடுத்ததைவிடக் கொடுத்த ரன் அதிகம். ஆனாலும் 84 வெற்றியோடு பிளேஆஃபுக்குள் நுழைந்தது. மேனேஜர் ஸ்கிப் ஷூமேக்கருக்கு முதல் ஆண்டிலேயே விருது. 2024இல் அணி 100 ஆட்டங்களைத் தோற்றது. 2007இல் அரிசோனா எடுத்ததைவிட அதிக ரன் கொடுத்தும் 90 ஆட்டங்களை வென்றது. பாப் மெல்வினுக்கு விருது. 2009 மே மாதம் அவர் நீக்கப்பட்டார். ஷூமேக்கரோ மெல்வினோ திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெல்வின் பிறகு ஓக்லாந்தில் இரண்டு முறை விருது பெற்றார். நெருக்கமான ஆட்டங்களில் கடைசி இன்னிங்ஸ்களுக்கு எந்தப் பிட்சரை இறக்குவது என்பதில் மேனேஜரின் கை இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு கை, எவ்வளவு காற்று என்பதைப் பிரித்துச் சொல்ல ஒரு சீசன் போதாது. விருதோ ஒவ்வொரு சீசனுக்கும் கொடுக்கப்பட வேண்டியிருக்கிறது.

விருதுக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியை இன்னும் நேரடியாகக் காட்டும் இரண்டு ஆண்டுகள் உண்டு. 1997இல் டேவி ஜான்சனின் பால்டிமோர் அணி முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை முதலிடத்தில் இருந்து 98 ஆட்டம் வென்றது. உரிமையாளர் பீட்டர் ஏஞ்சலோஸுக்கும் அவருக்கும் மனத்தாங்கல் முற்றி, நவம்பர் 5 அன்று ஜான்சன் பதவி விலகினார். அதே நாளில்தான் அவர் சிறந்த மேனேஜர் என்ற அறிவிப்பும் வந்தது. 2006இல் ஜோ ஜிரார்டி, செலவைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாகிவிட்ட ஃபுளோரிடா மார்லின்ஸை ஏற்றார். தொடக்கத்தில் 11 வெற்றி, 31 தோல்வி. ஒரு கட்டத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வெற்றிகள் தோல்விகளைத் தாண்டும் நிலைக்கே வந்தார்கள். கடைசியில் 78 வெற்றி, 84 தோல்வி. தோல்விக் கணக்கோடு எழுத்தாளர் சங்க விருது வாங்கியவர் அவர் மட்டுமே. ஆனால் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் மார்லின்ஸில் இல்லை. உரிமையாளர் ஜெஃப்ரி லோரியாவோடு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு அக்டோபரிலேயே அவரை நீக்கிவிட்டார்கள். எழுத்தாளர்கள் பார்த்த மேனேஜரும் உரிமையாளர்கள் பார்த்த மேனேஜரும் ஒருவரல்ல.

இப்போது மேனேஜரின் அதிகாரமே சுருங்கிவருகிறது. பேட்டிங் வரிசையும் பிட்சரை மாற்றும் நேரமும் ஆட்டத்துக்கு முன்பே புள்ளிவிவரப் பிரிவோடு சேர்ந்து திட்டமிடப்படுகின்றன. ஸ்னெல்லிடமிருந்து பந்தை வாங்கியபோது கேஷ் நடைமுறைப்படுத்தியதும், ஒரு பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது ஆபத்து கூடுகிறது என்ற அந்த அணியின் நெடுநாள் கணக்கைத்தான். 2020இல் ஒவ்வொரு மாற்றுப் பிட்சரும் குறைந்தது மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2022இல் நேஷனல் லீகிலும் பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் செய்யும் முறை வந்தது. பிட்சரின் பேட்டிங் முறை வரும்போது அவரை எடுப்பதா, வைத்திருப்பதா என்று டக்அவுட்டில் நடந்த பழைய சதுரங்கம் அதோடு முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் முடிவுகள் குறையக் குறைய, எழுத்தாளர்கள் எதிர்பார்ப்புக் கணக்கையே இன்னும் அதிகம் நம்ப வேண்டியதாகிறது.

மில்வாக்கியில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கிரெய்க் கவுன்சல் அந்தச் சிறு நகர அணியை 2018க்கும் 2023க்கும் இடைப்பட்ட ஆறு சீசனில் ஐந்து முறை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். ஒரு முறைகூட விருது கிடைக்கவில்லை. 2023 நவம்பரில் சிகாகோ கப்ஸ் அவரை ஐந்து ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அழைத்துக்கொண்டது. அதுவரை எந்த மேனேஜரும் வாங்காத தொகை. அவருக்குத் துணையாக இருந்த பாட் மர்ஃபி மேனேஜரானார். கல்லூரிக் காலத்தில் நோட்டர் டேமில் கவுன்சலுக்குப் பயிற்சி கொடுத்தவர் மர்ஃபி. கவுன்சல் போய்விட்டார், முன்னணி பிட்சர் கார்பின் பர்ன்ஸும் போய்விட்டார், இனி அணி அவ்வளவுதான் என்று கணித்தார்கள். 2024இல் மில்வாக்கி 93 ஆட்டம் வென்று பிரிவில் முதலிடம். 2025இல் 97 வெற்றி, அந்த ஆண்டின் எல்லா அணிகளையும்விட அதிகம். இரண்டு ஆண்டும் விருது மர்ஃபிக்கு. அந்த அணியின் வரலாற்றில் இந்த விருதை வாங்கிய முதல் மேனேஜர் அவர். மர்ஃபி அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் கவுன்சலின் வேலை எவ்வளவு மதிப்பு வாய்ந்தது என்று எழுத்தாளர்கள் ஒப்புக்கொண்டது அவர் விலகியபோதுதான். அந்த ஒப்புதலின் பலன் அடுத்தவர் கைக்குப் போனது. ஃபிராங்கோனா விலகிய கிளீவ்லாந்திலும் அடுத்தவருக்கு உடனே விருது கிடைத்தது: அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவன் வோட் 2024, 2025 இரண்டிலும் அமெரிக்கன் லீக் விருதைப் பெற்றார். இரண்டாவது முறை, டெட்ராய்ட்டைவிடப் பதினைந்தரை ஆட்டம் பின்தங்கியிருந்த அணி பிரிவை வென்றது. பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே அதே டெட்ராய்ட்டிடம் தோற்றது.

ஜப்பான் வேறு வழியில் போனது. யோமியுரி ஜயன்ட்ஸ் அணியை நிறுவிய மட்சுதாரோ ஷோரிகியின் பெயரில் 1977இல் அங்கே ஒரு விருது தொடங்கப்பட்டது. முதலில் அதைப் பெற்றவர் மேனேஜர் அல்ல. அந்த ஆண்டு ஹோம் ரன் சாதனை படைத்த வீரர் சடஹாரு ஓ. தொழில்முறை பேஸ்பாலுக்கு அந்த ஆண்டு அதிகம் பங்களித்தவருக்கு என்பதே விதி. ஆனால் நடைமுறையில், பெரும்பாலான ஆண்டுகளில் அது ஜப்பான் சீரிஸை வென்ற அணியின் மேனேஜருக்கே போகிறது. கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான் தேர்வு. இதில் காஸ்டனைப் போன்ற ஒருவர் விடுபட வழியில்லை. பதிலுக்கு, மெக்கெக்னியைப் போன்ற ஒருவர் உள்ளே வரவும் வழியில்லை. ஐந்தாம் இடத்தில் முடித்த அணியில் நடந்த நல்ல வேலையை ஜப்பானிய முறையால் பார்க்கவே முடியாது.

அமெரிக்க முறையின் பக்கம் நின்று சொல்ல வேண்டியதும் அதுவே. பிளேஆஃப் என்பது சில வாரங்களின் ஆட்டம். ஒரு பந்து தவறினால் எல்லாம் மாறும். ஷோவால்டர் நான்கு வெவ்வேறு அணிகளுக்காக 1994, 2004, 2014, 2022 என்று நான்கு முறை இந்த விருதை வாங்கினார். காக்ஸும் லா ரூஸாவும் மட்டுமே அவருக்குச் சமம். ஒருமுறைகூட அவர் வேர்ல்டு சீரிஸுக்குப் போகவில்லை. 2016இல் டொரோன்டோவுக்கு எதிரான ஒற்றை பிளேஆஃப் ஆட்டத்தில் தன் தலைசிறந்த பிட்சர் சாக் பிரிட்டனைக் கடைசிவரை இறக்காமலே தோற்றது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஓர் இரவை மட்டும் வைத்து அவரை எடை போட்டால், தள்ளாடிய அணிகளை அவர் மறுபடி மறுபடி நிமிர்த்தியது கணக்கில் வராது. அணியோடு ஊர் ஊராகப் பயணம் செய்து, தினமும் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மேனேஜரின் அறையில் நிற்கும் எழுத்தாளர்களுக்கு, புள்ளிவிவரம் காட்டாத பலதும் தெரியும். 2020இல் சீசன் தொடங்கிய சில நாளிலேயே பாதி அணியைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்து, கையில் கிடைத்தவர்களை வைத்து மார்லின்ஸைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோன டான் மாட்டிங்லிக்கு அவர்கள் வாக்களித்தது சரியான தீர்ப்பு. 31 வெற்றி, 29 தோல்வி என்ற கணக்கை மட்டும் பார்த்த எவரும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆகவே விருதை ஒழிக்க வேண்டியதில்லை. சில இடங்களில் திருத்தினால் போதும். பிளேஆஃபையும் பார்த்த பிறகு வாக்களிப்பது எளிதான ஒரு வழி. முப்பது எழுத்தாளர்களோடு மேனேஜர்களுக்கும் வாக்குக் கொடுக்கலாம். எதிர் டக்அவுட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது பத்திரிகையாளர் அறைக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு சீசன் கணக்கோடு நிற்காமல் மூன்று, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு கௌரவம். காக்ஸ், லா ரூஸா, டோரி மூவருக்கும் அந்த நீண்ட பார்வை 2014இல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் ஒரே நாளில் கிடைத்தது. ஆனால் அதற்குள் மூவருமே டக்அவுட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள். வேலையில் இருக்கும்போதே அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். டேவ் ராபர்ட்ஸுக்கு இப்போதே அது பொருந்தும். பத்து சீசன், மூன்று கோப்பைகள், ஆண்டுதோறும் பிளேஆஃப், பேஸ்பாலின் மிகப் பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரங்கள் நிறைந்த அறை. 2025 நவம்பரில் விருதுகள் அறிவிக்கப்பட்டபோது நேஷனல் லீகின் முப்பது வாக்குச்சீட்டுகளில் முதலிடம் பெரும்பாலும் மர்ஃபிக்கே போயிருந்தது. அந்த மர்ஃபியின் மில்வாக்கியை நேஷனல் லீக் இறுதிப் போட்டியில் 4-0 என்று வீழ்த்திவிட்டு வேர்ல்டு சீரிஸுக்குப் போனது ராபர்ட்ஸின் டாட்ஜர்ஸ்.